சம்பளம் இல்லாத அணியை நடத்துவது: ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லூரி மாணவர்களே சிறிய பந்தயக் கார் செய்து ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டியில் கடைசியாக வருவது நீண்ட தூர ஓட்டம். ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பாதித் தூரத்தில் காரை நிறுத்தி அணைத்துவிட்டு, மூன்று நிமிடத்துக்குள் ஓட்டுநர் மாற வேண்டும். அப்புறம் கார் மறுபடி கிளம்ப வேண்டும். சூடேறிய எஞ்சின் அந்த நேரம் பார்த்துக் கிளம்ப மறுப்பது இந்தப் போட்டிக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. ஒரு வருட உழைப்பு அங்கேயே நின்றுபோகும். தடுப்புக்கு வெளியே நிற்கும் அணித் தலைவரால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. சூடான எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பிப் பார்க்கும் சோதனைக்கு மாதக்கணக்கில் முன்பே நாள் ஒதுக்கியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பாடத்துக்கு வெளியே நடக்கும் செயல்பாடுகள் பொறியியல் மாணவர்களைப் பிற்காலத் தலைமைப் பொறுப்புக்குத் தயார் செய்யும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தச் செயல்பாடு, அதில் எந்தப் பகுதி, எப்படி என்று கேட்டால் பதில் மங்கலாகிவிடுகிறது. "டீம் ஒர்க், கம்யூனிகேஷன்" என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். கல்லூரிகளில் தலைவர், செயலாளர், ஒருங்கிணைப்பாளர் பதவிகளுக்கும் பஞ்சமில்லை. விழா முடிந்ததும் சான்றிதழ் வந்துவிடும், அதை வாங்கியவர் என்ன முடிவு எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் இங்கே ஒரே ஒரு செயல்பாட்டை எடுத்துக் கழற்றிப் பார்க்கலாம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட முடியாத ஒரு தேதி, எப்போது வேண்டுமானாலும் விலகிப் போகக்கூடிய ஆட்கள், வேலையை அடுத்த ஆண்டுக்காரர் கையில் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம். இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் தலைமைப் பயிற்சி நடக்கிறது. பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும் சரி.

பின்னணி

இதன் வேர் 1979-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த "மினி இண்டி" என்ற மாணவர் போட்டி. மரச் சட்டகம், ஐந்து குதிரைத்திறன் எஞ்சின், அவ்வளவுதான். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அதற்குப் புது விதிகள் எழுதப்பட்டு, வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் பெயரோடு ஃபார்முலா எஸ்.ஏ.இ. ஆனது. 1998-இல் பிரிட்டனுக்குப் போய் ஃபார்முலா ஸ்டூடன்ட் என்ற பெயரைப் பெற்றது. ஜெர்மனியில் 2006 முதல் நடக்கிறது. அங்கே 2010-இல் மின்சாரக் கார்களுக்கும், 2017-இல் ஓட்டுநர் இல்லாத கார்களுக்கும் தனிப் பிரிவு வந்தது.

ஒற்றை இருக்கை கொண்ட சிறிய பந்தயக் காரை மாணவர்களே வடிவமைத்து, செய்து, ஓட்ட வேண்டும். பேராசிரியரோ தொழில்முறைப் பொறியாளரோ அறிவுரை சொல்லலாம், வடிவமைப்பில் கை வைக்கக் கூடாது. வேகமான கார் ஒன்றைச் செய்துவிட்டால் வெற்றி என்று நினைத்து உள்ளே வரும் முதலாண்டு மாணவர்களுக்கு மதிப்பெண் அட்டவணைதான் முதல் அதிர்ச்சி. வட அமெரிக்கப் போட்டியில் மொத்தம் 1000 புள்ளி. வடிவமைப்பு விளக்கத்துக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்ட உரைக்கு 75. ஆக 325 புள்ளி, கார் ஒரு அடி கூட நகராமல் கிடைக்க வேண்டியது. மீதி 675 ஓட்டத்தில்: நேர்வேகம் 100, வட்டப்பாதை 75, தனிச்சுற்று 125, நீண்ட தூர ஓட்டம் 275, எரிபொருள் சிக்கனம் 100.

இந்த அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்து முடிக்க முடியாத வேலை இது. ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் ஏன் இந்தத் தடிமன், ஏன் இந்தப் பொருள், இதன் விலை என்ன என்று நடுவர்கள் கேட்பார்கள். அவர்களில் பலர் வாகனத் துறையில் வேலை பார்ப்பவர்கள். "போன வருஷ காரிலும் இப்படித்தான் இருந்தது" என்ற பதில் அங்கே செல்லாது. வணிக உரையில் காரை ஒரு நிறுவனத்தின் தயாரிப்பாகப் பாவித்து முதலீட்டாளரிடம் பேசுவது போல் பேச வேண்டும். சஸ்பென்ஷனில் (சக்கரங்களைக் காரோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் பகுதி) கரைகண்ட மாணவர் ஒருவருக்கு, அதே காரைப் பத்து நிமிடத்தில் பணம் போடுபவருக்குப் புரிய வைப்பது வேறொரு பயிற்சி.

தேதி தள்ளாது

பாடத்திட்டத்தில் வரும் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு குணம் உண்டு: கெஞ்சினால் ஒரு வாரம் கிடைக்கும். பந்தயத் தளத்தில் அது கிடைக்காது. தொழில்நுட்பப் பரிசோதனை குறித்த நாளில் நடக்கும். காரைச் சாய்தளத்தில் ஏற்றி 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள். பிரேக் அழுத்தினால் நான்கு சக்கரமும் ஒன்றாக இறுக வேண்டும். முழு உடையோடு இருக்கும் ஓட்டுநர் ஐந்து விநாடிக்குள் வெளியே வர வேண்டும். மின்சாரக் கார் என்றால் இரண்டு நிமிடம் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்கும் மழைச் சோதனையும் உண்டு. இவற்றில் ஒன்றில் தவறினால் ஓட்டமே இல்லை. பரிசோதனை வரிசையிலேயே நாள்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பும் அணிகள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு.

இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கும்போதுதான் தலைமை என்பது முதல்முறை கண்ணில் படுகிறது. ஓட்டிப் பார்க்க இத்தனை வாரம், பூட்ட இத்தனை, செய்ய இத்தனை என்று கழித்துக்கொண்டே வந்தால், "வடிவமைப்பை இன்றோடு நிறுத்த வேண்டும்" என்ற ஒரு நாள் வந்து நிற்கும். அணிகள் அதை டிசைன் ஃப்ரீஸ் என்கின்றன. அந்த நாளில் இன்னொரு நல்ல யோசனையோடு யாராவது கட்டாயம் வருவார். யோசனை உண்மையிலேயே நல்லதாகத்தான் இருக்கும். அதைச் சொல்பவர் அணியிலேயே கெட்டிக்காரராகவும் இருப்பார். அவரிடம் "வேண்டாம், அடுத்த காருக்கு வைத்துக்கொள்வோம்" என்று சொல்லி, அதற்குப் பிறகும் அவரைப் பட்டறைக்கு வர வைப்பது. இருபது வயதில் இதைச் செய்து பழகியவருக்கும் முப்பது வயதில் முதல்முறை செய்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

எப்படிச் சொல்வது என்பதற்கும் நல்ல அணிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. சஸ்பென்ஷன்காரர் இன்னும் கொஞ்சம் இடம் கேட்பார். எஞ்சினையும் அதன் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்களையும் பார்க்கும் பவர்ட்ரெயின்காரர் குளிர்ச்சிக்குப் பெரிய ரேடியேட்டர் கேட்பார். காற்றோட்டத்தைக் கவனிக்கும் ஏரோ பிரிவு, காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க இறக்கை கேட்கும், அதைத் தாங்க சட்டகப் பிரிவு கூடுதல் குழாய் கேட்கும். ஒவ்வொருவருக்கும் தன் பாகம்தான் உயிர். குரலை உயர்த்துபவர் ஜெயிக்கும் கூட்டமாக இது போகலாம். பல அணிகளில் அப்படித்தான் போகிறது. தேறிய அணிகள் எல்லாக் கோரிக்கையையும் புள்ளியாக மாற்றிவிடும். கணினியில் சுற்று நேரத்தைக் கணக்கிட்டு, எடை ஒரு கிலோ கூடினால் எத்தனை புள்ளி போகும், இறக்கை வைத்தால் எத்தனை வரும், குளிர்ச்சி போதாமல் நீண்ட ஓட்டத்தில் கார் நின்றால் எத்தனை போகும் என்று ஒரே அளவுகோலில் வைத்துப் பேசும். கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்று கூட இல்லை. யார் சொன்னது என்பதை விட்டு எது கூடுதல் என்பதற்கு வாக்குவாதம் நகர்ந்தாலே போதும். பிற்காலத்தில் நிறுவனங்களில் செலவு, தரம், கால அளவு மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மேலாளர் செய்வதும் இதே வேலைதான், சம்பளம் மட்டும் உண்டு.

ஒரு சின்னக் குறிப்பு. இந்தப் போட்டியைச் சுற்றி இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை, புத்திசாலித்தனமான காரைவிட ஒரு மாதம் முன்னதாக முடிந்த கார் மேல் என்பது. எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் புது அணி ஒன்று போட்டிக்கு முந்தைய இரவு வயரிங் செய்துகொண்டிருக்கும்.

ஆட்கள் போகலாம்

நிறுவனத்தில் ஒரு குழுத் தலைவருக்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது, கடைசியில் வெளியே அனுப்பும் அதிகாரமும் இருக்கிறது. மாணவர் அணித் தலைவருக்கு இதில் எதுவும் கிடையாது. பல கல்லூரிகளில் மதிப்பெண்ணும் கிடையாது. உறுப்பினர் ஒருவர் திங்கட்கிழமை முதல் வராமல் இருந்தால் அதற்கு மேல் கேட்க வழியில்லை.

இப்படி ஒரு நிலையில் ஆட்கள் ஏன் தங்குகிறார்கள்? தனக்கென்று ஒரு பாகம் இருப்பதால். தன் பெயர் சொல்லி அந்தப் பாகம் காரில் ஏறும் என்பதால். முதலாண்டு மாணவரிடம் ஆறு மாதம் தரையைக் கூட்டச் சொல்லும் அணி அடுத்த ஆண்டு ஆளில்லாமல் தவிக்கும். அதே மாணவரிடம் பெடல் தாங்கியைக் கொடுத்து "இதன் கணக்கு, வரைபடம், செய்முறை எல்லாம் உன் பொறுப்பு, சந்தேகம் இருந்தால் கேள்" என்று சொன்ன அணியில் அவர் இரவு பதினொரு மணிக்கும் இருப்பார். அந்தப் பாகத்தைத் தலைவரே செய்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். மாணவருக்கு மூன்று வாரம் ஆகிறது, முதல் தடவை தப்பாகவும் வருகிறது. அந்த மூன்று வாரத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான கெட்டிக்காரப் பொறியாளர்களுக்குக் கை வராத விஷயம். திறமையால் மேலே வந்தவர், திறமை காட்டுவதை நிறுத்தினால்தான் அணி நடக்கும் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார்.

தேர்வு வாரங்களில் இது இன்னும் கடினம். பாதிப் பேர் காணாமல் போவார்கள், நியாயமான காரணத்தோடுதான். அதை முன்கூட்டியே கால அட்டவணையில் எழுதி வைத்த தலைவர் பிழைக்கிறார். "எல்லோரும் கொஞ்சம் தியாகம் செய்ய வேண்டும்" என்று குழுவில் செய்தி போட்டவர் ஆட்களை இழக்கிறார்.

ஸ்பான்சர் தேடுவது இதன் மறுபக்கம். அலுமினியமோ, இயந்திர நேரமோ, பணமோ, கேட்க வேண்டும். பெரும்பாலான கடிதங்களுக்குப் பதிலே வராது. ஒருகட்டத்தில் மாணவர்கள் "எங்களுக்கு உதவுங்கள்" என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த நிறுவனத்துக்கு இதில் என்ன கிடைக்கும் என்று எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பில் யாரும் சொல்லிக் கொடுக்காத எழுத்து இது.

அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு, மாணவர் பெற வேண்டிய திறன்களில் ஒன்றாக உறுப்பினர்கள் சேர்ந்து தலைமை தரும் அணியில் இயங்குவதைக் குறிப்பிடுகிறது. ஒரே ஒரு தலைவரை அது எதிர்பார்க்கவில்லை. பட்டறையில் நடப்பதற்கு இது ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. காரின் பேட்டரியில் சிக்கல் என்றால் அந்த மணி நேரத்துக்கு அணியை நடத்துபவர் பேட்டரிக்காரர்தான். பதவித் தலைவர் டார்ச் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஒப்படைப்பு

இனி இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. மாணவர் அணியின் ஆயுள் ஒரு விநோதமான ஆயுள்: மூன்று, நான்கு ஆண்டில் எல்லா ஆட்களும் மாறிவிடுகிறார்கள். இருந்தும் சில அணிகள் பத்து, பதினைந்து ஆண்டாக மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. எப்படி?

மின்சாரக் காரில் நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் உலகச் சாதனையைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தின் சூரிக் மாணவர் அணியான ஏ.எம்.இசட்., 2014-இல் 1.785 விநாடியில் அதைச் செய்தது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 2015-இல் 1.779 ஆக்கினார்கள். சூரிக் அணி 2016-இல் 1.513-க்குக் கொண்டுவந்தது. 2022-இல் ஷ்டுட்கார்ட் 1.461. 2023-இல் சூரிக் 0.956 விநாடி, வெறும் 12.3 மீட்டர் தூரத்துக்குள். ஏறத்தாழ 140 கிலோ எடை, 240 கிலோவாட் திறன், காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் விசிறி அமைப்பு. 2014-இல் அந்தக் காரைச் செய்த மாணவர்கள் 2023-க்குள் படிப்பை முடித்துப் போய் வெகு நாளாகியிருக்கும். சாதனை ஒரே வீட்டுக்குத் திரும்பி வந்தது என்றால் ஆட்களைத் தாண்டி ஏதோ ஒன்று அங்கே கைமாறியிருக்கிறது.

அது வரைபடக் கோப்பு மட்டுமாக இருக்க முடியாது. கோப்பு எல்லா அணியிடமும் இருக்கிறது. ஏன் அப்படி வரைந்தோம், எதை முயன்று கைவிட்டோம் என்ற குறிப்புதான் பெரும்பாலும் இருப்பதில்லை. கைவிட்டவற்றின் பட்டியல் இல்லாத அணி மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே தவறை உற்சாகத்தோடு கண்டுபிடிக்கும்.

ஃபார்முலா ஸ்டூடன்ட்டில் சுழற்சி ஒரு வருடம் என்பதால் ஒப்படைப்பு தவறினாலும் அடுத்த ஆண்டு சரிசெய்யலாம். சுழற்சி நீளமானால் என்ன ஆகும் என்பதற்கு மாணவர் செயற்கைக்கோள்கள் நல்ல சாட்சி. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2007-இல் தொடங்கிய "பிரதம்" செயற்கைக்கோள், பி.எஸ்.எல்.வி. சி-35 ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது 2016 செப்டம்பர் 26-ஆம் தேதி. எடை பத்து கிலோ அளவுதான். தொடங்கியவர்கள் படித்து முடித்து வேலைக்குப் போய் ஆண்டுகள் ஆன பிறகே அது பறந்தது. நடுவில் சேர்ந்து நடுவிலேயே பட்டம் வாங்கிப் போன மாணவர்களும் உண்டு. தொடக்கத்தையும் பார்க்கவில்லை, ஏவுதலுக்கும் இருக்கவில்லை. அவர்கள் செய்தது மென்பொருளில் ஒரு பகுதி, ஒரு சோதனை அறிக்கை, அடுத்தவருக்கு ஒரு வாரப் பாடம். தலைமையைப் பற்றிப் பேசும்போது நாம் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. விமானம், அணு மின்நிலையம், மெட்ரோ ரயில் போன்ற நீண்ட காலத் திட்டங்களில் வேலை பார்ப்பவருக்கு உண்மையில் வாய்ப்பது இந்த நடுப்பகுதிதான்.

வேலைக்குப் போன பிறகு

பலன் தெரிகிறதா? தெரியும் இடங்கள் உண்டு. டெஸ்லாவின் முதல் ஊழியர்களில் ஒருவரான ஜீன் பெர்டிசெவ்ஸ்கி, ஸ்டான்ஃபோர்டின் சூரியசக்திக் கார் மாணவர் அணியில் இருந்தவர். பிறகு பேட்டரிப் பொருள் தயாரிக்கும் சீலா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ராக்கெட் நிறுவனமான இசார் ஏரோஸ்பேஸின் நிறுவனர்கள் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வார் என்ற மாணவர் ராக்கெட் குழுவில் பழகியவர்கள். செயற்கைக்கோள் நிறுவனமான கேலக்ஸ்ஐயின் நிறுவனர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் ஹைப்பர்லூப் (குழாய்க்குள் அதிவேகமாக ஓடும் வாகனம்) செய்யும் ஆவிஷ்கார் மாணவர் அணியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

இந்தப் பட்டியலை ஆதாரம் என்று நீட்டுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஜெயித்தவர்களிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் எந்தக் காரணமும் பொருந்தும். தானாக முன்வந்து இரவெல்லாம் பட்டறையில் நிற்கும் மாணவர், அணியே இல்லாவிட்டாலும் எங்காவது முன்னுக்கு வந்திருக்கக்கூடியவர். 2014-இல் 30,000 பேருக்கு மேல் அமெரிக்கப் பட்டதாரிகளிடம் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப்பும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுத்த ஆய்வு, ஒரு பருவத்துக்கு மேல் நீண்ட ப்ராஜெக்ட், நேரடி வேலை அனுபவம், பாடத்துக்கு வெளியே தீவிர ஈடுபாடு ஆகியவை இருந்தவர்கள் பின்னாளில் வேலையில் ஒன்றி ஈடுபடும் வாய்ப்பு கூடுதல் என்று சொன்னது. அதுவும் தொடர்பைக் காட்டுகிறதே தவிர, எது எதற்குக் காரணம் என்று நிரூபிக்கவில்லை.

பயிற்சியின் எல்லையைக் காட்டும் நிகழ்வு ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம். நெதர்லாந்தின் ஐந்தோவன் மாணவர்கள், ஆஸ்திரேலியாவில் 3000 கிலோமீட்டர் ஓடும் உலக சூரியசக்திக் கார் போட்டியில், பல பயணிகளை ஏற்றும் கார்களுக்கான பிரிவை 2013, 2015, 2017, 2019 என நான்கு முறை தொடர்ந்து வென்றார்கள். ஒப்படைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த அணியின் முன்னாள் மாணவர்கள் 2016-இல் சூரியசக்திக் கார் செய்யும் லைட்இயர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2022 கடைசியில் காரின் உற்பத்தி தொடங்கியது. 2023 ஜனவரியில் நின்றது, உற்பத்தியைப் பார்த்த துணை நிறுவனம் திவாலானது. ஒரே ஒரு காரை ஒரே ஒரு நாளுக்காகச் செய்து முடிக்கும் தலைமையும், அதே காரை ஆயிரக்கணக்கில் விற்கக்கூடிய விலைக்குச் செய்யும் தலைமையும் ஒன்றில்லை. இரண்டாவதைக் கல்லூரிப் பட்டறை கற்றுத்தராது. மாணவர் அணியில் உழைப்புக்கு விலை கிடையாது என்பதே காரணம். இரவு வேலை இலவசம் என்ற பழக்கத்தோடு போகிறவர் நிறுவனத்தின் ஊதியப் பட்டியலைப் பார்த்துத் திணறுவார். அதைவிட மோசம், தன் கீழ் இருப்பவர்களிடமும் அதே இலவச இரவுகளை எதிர்பார்ப்பது.

செலவுப் பக்கம்

மதிப்பெண் இறங்குகிறது, தூக்கம் போகிறது, தெரிந்ததுதான். தெரியாமல் போவது, யார் சேரவே முடிவதில்லை என்பது. மாலையில் வேலைக்குப் போக வேண்டிய மாணவருக்கும், தூரத்திலிருந்து தினமும் வந்து போகிறவருக்கும் இரவுப் பட்டறை எட்டாது. மாணவிகள் சேர்ந்தாலும் ஆவணங்கள், ஸ்பான்சர் கடிதம், விளக்கப்படம் என்ற பக்கத்துக்கே சத்தமில்லாமல் தள்ளப்படுவது பல அணிகளில் நடக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, "நீ நல்லா எழுதுவியே" என்ற பாராட்டோடு நடக்கிறது. இதைக் கவனித்து, முதலாண்டிலேயே எல்லோருக்கும் ஒரு இயந்திரப் பாகத்தைக் கட்டாயமாகக் கொடுப்பது தலைவர் கையில் இருக்கிறது. பட்டறை நேரத்தில் ஒரு பகுதியைப் பகலுக்கு மாற்றுவது கல்லூரியின் கையில்.

ஆசிரியர்களிடம் இன்னொன்றும் கேட்கலாம். பதவிச் சான்றிதழோடு, போகும் தலைவர் புதியவரோடு ஒரு மாதமாவது சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று விதி வைத்துவிடலாம். கைவிட்ட முயற்சிகளைப் பற்றிய பக்கங்கள் வந்து சேர்ந்த பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. "நீங்கள் என்ன பதவியில் இருந்தீர்கள்" என்பதற்கு யாரும் பதில் தயார் செய்துகொண்டு வரலாம். "யாருடைய நல்ல யோசனையை வேண்டாம் என்றீர்கள், அதன் பிறகு அவர் அணியில் இருந்தாரா" என்று கேட்டால், பட்டறையில் நின்றவர் தேதியோடும் பாகத்தின் பெயரோடும் சொல்வார்.